ஊற்றும்போது உடன் இல்லாதவருக்கு எழுதுங்கள்: ஆராய்ச்சி லேபில் ரசாயன அபாயத்தைச் சொல்லும் முறை

லேப் அலமாரியின் ஓரத்தில் 'டி.இ.ஏ.' என்று மார்க்கரில் கிறுக்கிய பாட்டில் ஒன்று நிற்கிறது. எழுதியவர் மனதில் இருந்தது டிரைஎத்தில்அமீன்: மீன் நாற்றம் அடிக்கும், கண்ணையும் தோலையும் அரிக்கும், பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கோ டி.இ.ஏ. என்றால் டிரைஎத்தனோலமீன், தேன் மாதிரி கெட்டியான, அதோடு ஒப்பிட்டால் சாதுவான திரவம். எழுதியவர் வைவா முடித்துக் கிளம்பி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பாட்டில் மட்டும் அங்கேயே இருக்கிறது.

அபாயத்தைத் தெரிவிப்பது என்றதும் படிவம், பயிற்சி வகுப்பு, சுவரில் ஒரு சார்ட் என்றுதான் நினைப்போம். லேபில் அது ஒரே ஒரு கேள்விதான். இதை நீங்கள் ஊற்றியபோது கூட இல்லாத ஒருவர், நீங்கள் இல்லாத நேரத்தில் இதைத் தொட வேண்டி வந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? அவர் உங்கள் ஜூனியராக இருக்கலாம், காலை 7 மணிக்குப் பெருக்க வரும் அக்காவாக இருக்கலாம், இரவு செக்யூரிட்டி அண்ணனாக இருக்கலாம், தீயணைப்பு வீரரோ கேசுவாலிட்டி டாக்டரோ ஆகவும் இருக்கலாம். ஜூனியருக்கு எழுதியது செக்யூரிட்டிக்கு உதவாது. அதனால்தான் 'லேபிள் ஒட்டியாச்சே' என்பதோடு வேலை முடிவதில்லை.

லேபிள்: மை, பெயர், தேதி

கம்பெனி பாட்டிலில் லேபிள் ஒழுங்காகத்தான் வரும். அதிலிருந்து வாஷ் பாட்டிலுக்கோ வயல் எனும் சின்னக் குப்பிக்கோ மாற்றும்போதுதான் தகவல் தொலைகிறது. மாற்றும் ஒவ்வொரு கலத்திலும் முழுப் பெயர், செறிவு, எதில் கரைத்தது, முக்கிய அபாயம் ஒரு வரியில், தயாரித்தவர் பெயர், தேதி இவ்வளவும் வேண்டும். சுருக்கெழுத்தும் வாய்பாடும் பெயருக்குப் பக்கத்தில் இருக்கலாம், பெயருக்குப் பதிலாக இருக்கக் கூடாது. 'ஏ.சி.என்.' என்பது அசிட்டோநைட்ரைலா, அக்ரிலோநைட்ரைலா? முதலாவது, கலவையைப் பிரித்துப் பார்க்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி ஓட்டும் எல்லா லேபிலும் இருக்கும் சாதாரண சால்வென்ட், அதாவது கரைப்பான். இரண்டாவது புற்றுநோய் அபாயம் உள்ளது, நிலைப்படுத்தி தீர்ந்துபோனால் தானாகவே பாலிமராகி வெடிக்கவும் கூடியது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை 'எச்.எஃப்.' என்று எழுதினால் கணிப்பு வேதியியல் ஆட்களுக்கு ஹார்ட்ரி-ஃபாக் என்ற கணக்கு முறை ஞாபகம் வரும். அந்தக் கணக்கில் ஆபத்தில்லை என்பது வேறு விஷயம்.

'பர்மனென்ட்' மார்க்கர் தண்ணீருக்குத்தான் பர்மனென்ட். ஒரு சொட்டு அசிட்டோன் வழிந்தால் எழுத்து கரைந்து ஊதா நிறமாக ஓடிவிடும். லேசர் பிரிண்டில் எடுத்த லேபிளும் தப்பாது. டோனர் அசிட்டோனிலும் டைகுளோரோமீத்தேனிலும் இளகும். பென்சில் கரையாது, ஏனென்றால் கிராஃபைட் எந்த சால்வென்ட்டுக்கும் மசியாது. சால்வென்ட் பாட்டிலுக்குக் காகித லேபிளில் பென்சிலால் அழுத்தி எழுதி, மேலே அகலமான செல்லோ டேப் ஒட்டுவதுதான் மலிவும் உறுதியும். ஊற்றும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும். வழியும் சொட்டு எதிர்ப்பக்கம் இறங்கும், எழுத்து பிழைக்கும். மைனஸ் 20 ஃபிரீசருக்குப் போகும் வயலில், வயல் அறை வெப்பத்தில் காய்ந்திருக்கும்போதே ஃபிரீசருக்கான லேபிளை ஒட்ட வேண்டும். பனி படிந்த பிறகு ஒட்டினால் இரண்டே நாளில் ஃபிரீசர் தரையில் லேபிள்களும், ரேக்கில் பெயரில்லாத வயல்களும்தான் மிஞ்சும்.

ஈதர் வகைகளுக்கு ஒரு தேதி போதாது. வந்த தேதி, திறந்த தேதி இரண்டும் வேண்டும். டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் (டி.எச்.எஃப்.), டைஐசோபுரோப்பில் ஈதர் எல்லாம் காற்று பட்டுப் பெராக்சைடு உண்டாக்கும். காய்ச்சி வடிக்கும்போது அது அடியில் சேர்ந்து வெடிக்கும். டைஐசோபுரோப்பில் ஈதர்தான் இந்தக் கூட்டத்தில் மோசம். திறந்து 3 மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். டி.எச்.எஃப்.ஐ 6 மாதத்துக்கு ஒரு முறை பெராக்சைடு ஸ்ட்ரிப்பில் சோதித்து, அந்தத் தேதியையும் லேபிளிலேயே எழுதுங்கள். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிந்தால் திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். யாரும் கிட்டே வராதபடி எழுதி ஒட்டிவிட்டு, பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

படம் சொல்வதும் சொல்லாததும்

ஜி.எச்.எஸ். எனும் உலகளாவிய முறையை ஐ.நா. முதலில் வெளியிட்டது 2003-இல். சிவப்பு ஓரமிட்ட சாய்சதுரத்துக்குள் 9 படங்கள், 'டேஞ்சர்', 'வார்னிங்' என இரண்டு சொற்கள். படங்களை மனப்பாடம் செய்வதைவிட, எங்கே தவறாகப் படிக்கிறோம் என்று தெரிந்துகொள்வது அதிகப் பயன் தரும்.

மண்டை ஓடு இல்லாவிட்டால் பரவாயில்லை என்று நினைப்பதுதான் முதல் தவறு. மண்டை ஓடு உடனடி நஞ்சைத்தான் குறிக்கும். பென்சீன் பாட்டிலைப் பாருங்கள்: தீ, ஆச்சரியக்குறி, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம். மண்டை ஓடு கிடையாது. ஆனால் அந்த மனித உருவம் சொல்வது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் பற்றி. இன்று மூச்சில் போனது பல வருடம் கழித்துத் தெரியவரும் என்பதால்தான் அந்தப் படத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டாவது, தீயும் வட்டத்தின் மேல் தீயும். முதலாவது எரியும் பொருள், இரண்டாவது மற்றதை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றி. இரண்டையும் 'தீ படம்' என்று ஒரே அலமாரியில் அடுக்கினால் விறகையும் காற்றையும் சேர்த்து வைத்த மாதிரி.

எண்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ஜி.எச்.எஸ்.-இல் வகை 1 என்றால் மிகக் கடுமை, எண் ஏற ஏற அபாயம் குறையும். கதவில் ஒட்டும், அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் நான்கு நிற என்.எஃப்.பி.ஏ. வைரத்தில் நேர் எதிர்: 0 என்றால் ஒன்றுமில்லை, 4 என்றால் உச்சம். ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளான எஸ்.டி.எஸ்.-இல் 'வகை 1' என்று பார்த்து வைரத்தில் 1 என்று எழுதியவர் தீயணைப்பு வீரரிடம் பொய் சொல்கிறார். ஆங்கிலச் சொல்லிலும் ஒன்று உண்டு. நம் ஊர் டேங்கர் லாரியில் இன்னும் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று ஓடுகிறது. அந்த 'இன்'னைப் பார்த்து எரியாதது என்று புரிந்துகொள்ளும் மாணவர்கள் உண்டு. நீங்கள் எழுதும் லேபிளில் 'தீப்பற்றும்' என்று தமிழில் எழுதிவிடுங்கள், குழப்பம் இல்லை.

லேபிள் பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றித்தான் பேசும், நீங்கள் அதை எதோடு கலக்கப்போகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. சோடியம் அசைடு பாட்டிலில் வெடிகுண்டுப் படம் இருக்காது. அமிலம் பட்டால் கொடிய நச்சு வாயு வரும், செம்பு அல்லது ஈயக் குழாயில் ஊற்றினால் உலோக அசைடு படிந்து வெடிக்கும், டைகுளோரோமீத்தேனில் ரியாக்ஷன் வைத்தால் டைஅசைடோமீத்தேன் உண்டாகி வெடிக்கும். இதை எஸ்.டி.எஸ்.-இல்தான் தேட வேண்டும், அதிலும் எல்லாம் இருக்காது.

எஸ்.டி.எஸ்.-க்கு 16 பகுதிகள். இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளே இந்தத் தாளைக் கேட்கின்றன. முழுவதையும் யாரும் படிப்பதில்லை, படிக்கச் சொல்வதும் வீண். வேலை தொடங்கும் முன் 2-ஆம் பகுதியில் அபாயம், 4-இல் முதலுதவி, 8-இல் கையுறையும் காற்றோட்டமும், 10-இல் எதோடு சேரக் கூடாது என்பது. இந்த நான்கையும் பார்த்து, உங்கள் சொந்த வார்த்தையில் அரைப் பக்கம் நோட்டில் எழுதுங்கள். காப்பி-பேஸ்ட் செய்தால் படித்த கணக்கில் வராது.

8-ஆம் பகுதிதான் அதிகம் ஏமாற்றும். 'தகுந்த கையுறை அணியவும்' என்று எழுதியிருந்தால் ஒன்றும் எழுதாததற்குச் சமம். 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டுக்குள் வைத்து டைமெத்தில்மெர்க்குரியைக் கையாண்டபோது சில சொட்டுகள் அவர் லேடெக்ஸ் கையுறையில் விழுந்தன. பிறகு சோதித்தபோது அந்தப் பொருள் அத்தகைய கையுறையை 15 விநாடிக்குள் கடந்துவிடும் என்று தெரிந்தது. 1997 ஜூன் 8 அன்று அவர் இறந்தார். அவர் நச்சு உலோகங்களில் நிபுணர், கையுறையும் போட்டிருந்தார். எந்தக் கையுறை என்ற ஒரு தகவல்தான் அவரிடம் போய்ச் சேரவில்லை. ஆகவே உங்கள் நோட்டிலும் ஹுட் அட்டையிலும் 'கிளவுஸ்' என்று எழுதாமல், எந்தப் பொருளால் ஆனது, எத்தனை நிமிடம் தாங்கும் என்று எழுதுங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறை டைகுளோரோமீத்தேனை ஓரிரு நிமிடம்கூடத் தாங்காது. தெறித்தால் உடனே கழற்றி எறியத்தான் அது, அதோடு வேலை செய்ய அல்ல.

ஒரு பாட்டிலை முழுதாக எழுதிப் பார்ப்போம்

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி, சிலிக்கன் தகடு அரிக்கும் லேபுகளில் இருக்கும். பார்க்கத் தண்ணீர். நீர்த்த கரைசல், அதாவது 20 சதவீதத்துக்குக் கீழ், தோலில் பட்டால் வலி தெரிய 24 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் ஃபுளோரைடு அயனி உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பு வரை பாதிக்கும். 'அரிக்கும்' என்ற படம் மட்டும் பார்த்தவர் 'எரிச்சல் இல்லையே, கழுவியாச்சு' என்று ஹாஸ்டலுக்குப் போய்விடுவார். ஆகவே இந்த லேபிள் அபாயத்தின் அளவைவிட, அபாயம் தெரியாமல் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும்:

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், தண்ணீரில் 5%
தோலில் பட்டால் உடனே வலிக்காது. வலிக்காவிட்டாலும் ஆஸ்பத்திரி போக வேண்டும்.
5 நிமிடம் தண்ணீர், உடனே கால்சியம் குளுக்கோனேட் 2.5% ஜெல்.
ஜெல் இருக்கும் இடம்: இந்த ஹுட்டின் வலப்பக்க மஞ்சள் டப்பா.
கண்ணாடிக் கலத்தில் ஊற்றாதே. தனியாக இருக்கும்போது தொடாதே.
தயாரித்தவர், செல் எண், தயாரித்த தேதி.

மற்ற அமிலத்துக்கு 15 நிமிடம் கழுவச் சொல்வோம். இங்கே ஜெல் கையில் இருந்தால் 5 நிமிடத்தோடு நிறுத்தி ஜெல்லுக்கு வரச் சொல்வதற்குக் காரணம், ஃபுளோரைடை மடக்குவது கால்சியம்தான், தண்ணீர் அல்ல. பூசிவிடுபவரும் கையுறை போட்டுக்கொண்டு, விடாமல் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெல்லின் காலாவதி தேதியை மாதம் ஒரு முறை ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். காலி ட்யூப் உள்ள மஞ்சள் டப்பாவும் ஒரு பொய் லேபிள்தான்.

ஆஸ்பத்திரிக்கும் சேதி போக வேண்டும். 108-க்குப் பேசும்போது 'ஹைட்ரோஃபுளோரிக்' என்பது போனில் 'ஹைட்ரோகுளோரிக்' என்றே காதில் விழும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. 'ஃபுளோரைடு ஆசிட், கால்சியம் குளுக்கோனேட் வேண்டும்' என்று சொல்லப் பழகுங்கள். எஸ்.டி.எஸ்.-இன் முதலுதவிப் பக்கத்தையும் டாக்டருக்கான குறிப்பையும் அச்செடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஜெல்லோடு அதே டப்பாவில் வையுங்கள். அடிபட்டவரோடு அந்தக் கவர் ஆம்புலன்ஸில் ஏற வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கிறது என்பது கரண்ட் போகாத நேரத்துப் பேச்சு.

பெருக்க வரும் அக்காவிடம்

படங்களை வைத்தாயிற்று, தமிழிலும் எழுதியாயிற்று, போதும் என்று தோன்றும். போதாது. சொல்லித் தராமல் மண்டை ஓடும் தீயும் மட்டும்தான் பெரும்பாலோருக்குப் புரியும். பாடப்புத்தகத் தமிழில் 'அரிக்கும் தன்மையுடைய வேதிப்பொருள்' என்று எழுதுவதும் ஆங்கிலத்தில் எழுதுவதும் ஒன்றுதான். 'ஆசிட். பட்டால் தோல் வெந்துவிடும்' என்று எழுதினால் போய்ச் சேரும்.

சொல்லி முடித்து 'புரிஞ்சுதா அக்கா?' என்று கேட்காதீர்கள். 'புரிஞ்சுது சார்' என்றுதான் பதில் வரும். மரியாதைக்குச் சொல்லும் பதில் அது. 'அக்கா, கூட்டும்போது இந்த பாட்டில் விழுந்து உடைஞ்சா முதல்ல என்ன பண்ணுவீங்க?' என்று கேளுங்கள். 'துணி போட்டுத் துடைச்சிடுவேன்' என்று சொன்னால், நீங்கள் சொன்னது சேரவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். அவர்கள் செய்ய வேண்டியது துடைப்பது அல்ல. வெளியே வந்து, கதவைச் சாத்தி, ஆளைக் கூப்பிடுவது. அதைச் செய்ததற்காக யாரும் திட்ட மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், திட்டவும் கூடாது. அவர்கள் தொடும் இடம், தொடக் கூடாத இடம் என்று தரையில் மஞ்சள் டேப் ஒட்டிப் பிரிப்பது பத்துப் போஸ்டருக்குச் சமம். உடைந்த கண்ணாடிக்கும் ஊசிக்கும் தனி டப்பா வைக்காமல் சாதாரணக் குப்பைக் கூடையில் போடும் லேப், என்ன லேபிள் ஒட்டியும் பயனில்லை.

குடிதண்ணீர் பாட்டிலில் எந்த ரசாயனத்தையும், டிஸ்டில்டு வாட்டரைக்கூட, ஊற்றி வைக்கக் கூடாது. லேபிள் ஒட்டினாலும் கூடாது. அந்த பாட்டிலின் உருவமே 'குடிக்கலாம்' என்கிறது. தாகத்தில் இருப்பவர் எழுத்தைப் படிப்பதில்லை.

கழிவு பாட்டில்

லேப் விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று, மூடிய கழிவு பாட்டில் வெடிப்பது. காலி மெத்தனால் பாட்டிலை எடுத்து, அதில் நைட்ரிக் அமிலக் கழிவை ஊற்றி, மூடியை இறுக்கிவிடுவார்கள். அடியில் மிச்சமிருந்த மெத்தனாலோடு நைட்ரிக் மெல்ல வினைபுரிந்து வாயு சேரும். சில மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டு, யாரும் எதிர்பாராத நேரத்தில் பாட்டில் சிதறும். சில வேளை பாட்டிலில் இருந்த பழைய லேபிளை நம்பி வேறொருவர் மேலும் சால்வென்ட்டை ஊற்றியிருப்பார். பெயரில்லாத பாட்டில் சந்தேகத்தையாவது உண்டாக்கும், தவறான பெயர் உள்ள பாட்டில் அதைக்கூட உண்டாக்காது.

முதல் சொட்டு விழும் முன்பே கழிவு லேபிளை ஒட்டுங்கள், பழைய லேபிளை முழுதாக உரித்தோ கறுப்படித்தோ விடுங்கள். பிறகு ஊற்றும் ஒவ்வொருவரும் என்ன, எவ்வளவு, எந்தத் தேதி என்று அதே தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 'ஆர்கானிக் வேஸ்ட்' என்ற பொதுப்பெயர் வேண்டாம். நைட்ரிக் அமிலத்துக்குத் தனி பாட்டில், அதன் மேல் பெரிய எழுத்தில் 'சால்வென்ட் ஊற்றாதே'. கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் 3-க்கு 1 கலந்த பிரானா கரைசலை அன்றே மூடி வைக்கக் கூடாது. பீக்கரில் திறந்தபடி ஹுட்டுக்குள் ஆறவிட்டு, 'பிரானா, சூடாக இருக்கிறது, அசிட்டோன் கிட்டே கொண்டுவராதே' என்று நேரத்தோடு எழுதி வையுங்கள். எந்தக் கழிவு பாட்டிலும் கழுத்துவரை நிரம்பக் கூடாது, ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள்.

வாயால் சொன்ன எல்லை

2010 ஜனவரி 7. அமெரிக்காவின் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட் என்ற வெடிக்கும் சேர்மத்தை உரலில் இட்டு அரைத்தபோது அது வெடித்தது. மூன்று விரல்கள் போயின, கண்ணிலும் காயம். அந்தக் குழுவில் ஒரு முறைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக் கூடாது என்று ஓர் எல்லை இருந்தது. இருந்தது வாய்வார்த்தையாக. ஒவ்வொரு சோதனைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாமே என்று சுமார் 10 கிராமை ஒரே தடவையில் செய்துவிட்டார்கள். அமெரிக்க வேதி விபத்து விசாரணை வாரியம் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

சிறிய அளவை ஹெக்சேனிலோ தண்ணீரிலோ நனைத்தால் அது பற்றவில்லை என்று மாணவர்கள் பார்த்திருந்தார்கள். பெரிய அளவுக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டார்கள். 100 என்ற எண் ஏன் 100 என்று யாரும் எழுதி வைத்திருக்காவிட்டால், அவரவர் ஒரு காரணத்தைத் தாமே கற்பித்துக்கொள்வார்கள். ஆகவே எல்லையை எழுதும்போது மூன்று வரி வேண்டும்: எவ்வளவு, ஏன் அவ்வளவு, அதைத் தாண்ட வேண்டுமானால் யார் கையெழுத்து. கைடு கையெழுத்திட்டு ஹுட் கண்ணாடியில் ஒட்டுங்கள். நோட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் இருந்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

வெடிபொருள் இல்லாத சாதாரண ரியாக்ஷனுக்கும் இது பொருந்தும். அளவைப் பத்து மடங்காக்கினால் உண்டாகும் வெப்பமும் பத்து மடங்கு; அதை வெளியேற்றும் குடுவையின் பரப்போ 4.6 மடங்குதான் கூடும். 50 மில்லி குடுவையில் ஐஸ் பாத்தில் அடங்கிய ரியாக்ஷன் 500 மில்லியில் பொங்கும். இரண்டு மூன்று மடங்குக்கு மேல் கூட்டும் எந்த வேலைக்கும் முன்னால் கைடிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸப்பில் ஒரு வரியானாலும் சரி.

ராத்திரி ஓடும் ரியாக்ஷனும் கதவும்

ஹுட் கண்ணாடியில் ஓர் அட்டை: என்ன ரியாக்ஷன், எந்த சால்வென்ட் எத்தனை மில்லி, எத்தனை டிகிரி, எப்போது தொடங்கியது, எப்போது முடியும், யாரைக் கூப்பிட வேண்டும். இதோடு நம் ஊருக்கென்று இரண்டு வரி: கரண்ட் போனால் என்ன, தண்ணீர் நின்றால் என்ன. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் குமிழ் வைத்த பழைய ஹாட் பிளேட் தானாகச் சூடேறத் தொடங்கும். குளிர்ந்த நீரைச் சுற்றவைக்கும் சில்லர்கள் பலவும் பட்டனை அழுத்தாமல் மறுபடி ஓடாது. சூடு மட்டும் ஏறி, ஆவியைத் திரவமாக்கும் கண்டென்சர் குளிராமல், சால்வென்ட் ஆவி முழுவதும் அறைக்குள் வரும். ஆகவே அட்டையின் கீழே தமிழில், பெரிய எழுத்தில்: 'கரண்ட் போனால் இந்தச் சிவப்பு சுவிட்சை அணைக்கவும். வேறு எதையும் தொட வேண்டாம். போன் செய்யவும்.' செக்யூரிட்டி அண்ணனைப் பகலில் ஒரு முறை கூட்டிவந்து அந்த சுவிட்சைக் காட்டுங்கள், அவர் கையாலேயே அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கதவில் ஒட்டும் தாளில் இருக்க வேண்டியது குறைவு: இரண்டு பேரின் செல் எண், உள்ளே எத்தனை சிலிண்டர், எந்த வாயு, தண்ணீர் அடிக்கக் கூடாத பொருள் எங்கே. சோடியம், லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு, பியூட்டைல்லித்தியம் வைத்திருக்கும் அறையில் 'தண்ணீர் அடிக்காதே' என்பதுதான் முதல் வரி. 101-க்குப் பேசியபின் வருபவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள். துறையில் உள்ள எல்லா அபாயப் படங்களையும் எல்லாக் கதவிலும் ஒட்டும் பழக்கம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஹைட்ரஜன் சிலிண்டரே இல்லாத அறையில் ஹைட்ரஜன் எச்சரிக்கை பார்த்துப் பழகியவர், இருக்கும் அறையிலும் அதை நம்ப மாட்டார். தாளின் மூலையில் திருத்திய தேதி இருக்கட்டும். ஒரு வருடம் தாண்டினால் கிழித்துப் புதிதாக எழுதுங்கள்.

கடைசியாக, ஊரைவிட்டுப் போகும் ஸ்காலர். நோ டியூஸ் படிவத்தில் நூலகப் புத்தகம் கேட்கிறோம், ஐ.டி. கார்டு கேட்கிறோம். அதில் ஒரு வரி சேருங்கள்: அவர் பெயர் எழுதிய பாட்டில்கள் எத்தனை, ஒவ்வொன்றும் கழிவுக்குப் போயிற்றா, யார் பெயருக்கு மாறியது. ஃபிரீசரின் கீழ்த்தட்டு, பெஞ்சுக்கு அடியில், ஈரம் படாமல் பொருளை வைக்கும் டெசிகேட்டருக்குள் என மூன்றையும் அவரும் பொறுப்பேற்கும் ஜூனியரும் சேர்ந்து பார்த்து, பட்டியலில் இருவரும் கையெழுத்திட்ட பிறகே கைடு கையெழுத்திட வேண்டும். அந்த 'டி.இ.ஏ.' பாட்டிலை அன்றைக்கே எடுத்து, 'இது என்னடா?' என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.